பெர்முடாவா, ஜோய்சியாவா: பூச்சி தின்ற பிறகு எது எழுந்து வரும்?

வெயில் அதிகமுள்ள இடத்தில் புல்தரை போடப் புறப்பட்டால், அலசி முடித்த பிறகு கையில் மிஞ்சுவது பெரும்பாலும் பெர்முடா, ஜோய்சியா என்ற இந்த இரண்டு புல்தான். செயின்ட் அகஸ்டின் என்ற இன்னொரு புல் நிழலுக்கு நல்லது. ஆனால் அதில் சாறு உறிஞ்சும் சிஞ்ச் பூச்சி புகுந்துவிட்டால் கோடை முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும், அதனால் அதை இங்கேயே ஓரம்கட்டிவிடுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறந்த வெயில் இருக்கிற இடம் என்றால் பெர்முடா. ஜோய்சியா பார்வைக்கு அழகு, காலுக்கு மெத்தை, வேலையும் குறைவு. அப்படியிருந்தும் பெர்முடா பக்கம் நிற்க ஒரே காரணம், அடிபட்டால் மீண்டு வரும் வேகம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெர்முடாவுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். ஜோய்சியா 4, 5 மணி நேரத்திலும் தாக்குப்பிடிக்கும். வறட்சியை இரண்டுமே தாங்கும், பெர்முடா ஒரு படி கூடுதலாகத் தாங்கும். நல்ல வெயிலில் இரண்டுக்கும் வாரத்துக்குச் சுமார் 25 மி.மீ. தண்ணீர் போதும். அதை இரண்டு தடவையாக ஆழமாக ஊற்றுவது நல்லது, தினமும் தெளித்துவிட்டுப் போனால் வேர் மேலேயே நின்றுவிடும். நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே இருந்து, நிறமும் சாம்பல் கலந்த நீலமாக மாறினால் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். குளிரில் மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கினால் இரண்டும் பழுப்பாகித் தூங்கிவிடும். அது சாவு இல்லை.

ரகத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பெர்முடா என்பது நம் அருகம்புல்லேதான். லானுக்குப் போடும் டிஃப்வே 419 மாதிரியான ஹைப்ரிட்கள் அருகம்புல்லையும் மெல்லிய ஆப்பிரிக்க வகை ஒன்றையும் கலந்து எடுத்தவை. டிஃப்வே 1960இல் வெளியானது. அது விதை பிடிக்காது. ஆகவே "ஹைப்ரிட் டிஃப்வே விதை" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், கொடித்துண்டாகவோ வேரோடு பெயர்த்த புல்பாயாகவோதான் அது வரும். ஜோய்சியாவில் அகல இலை ஜப்பானிகா, நடுத்தர மேட்ரெல்லா (மணிலா புல்), முடிபோல மெல்லிய கொரியன் புல் என்று மூன்று குடும்பம். இலை மெலிய மெலிய வளர்ச்சியும் மெதுவாகும். கீழே சொல்லும் குறைகள் கொரியன் புல்லுக்குத்தான் அதிகமாகப் பொருந்தும், ஜப்பானிகாவுக்குக் கொஞ்சம் தளர்த்திப் படிக்கலாம்.

தீர்மானிக்கிற விஷயம்

வெப்பமான இடத்தில் பூச்சி வராத புல்தரை கிடையாது. வேர்ப்புழு, படைப்புழு, பிள்ளைப்பூச்சி, பில்பக் வண்டு என்று ஏதோ ஒன்று ஏதோ ஒரு பருவத்தில் வந்தே தீரும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்ணில் படுவதற்குள் இரண்டு, மூன்று சதுர மீட்டர் போயிருக்கும். அதனால் எந்தப் புல்லுக்குப் பூச்சி குறைவு என்று பார்ப்பதை விட, போன இடம் எத்தனை நாளில் மூடும் என்று பார்ப்பதே முக்கியம்.

நடவிலேயே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். 30 செ.மீ. இடைவெளியில் பெர்முடா துண்டுகளை ஊன்றி, தண்ணீரும் தழைச்சத்தும் ஒழுங்காகக் கொடுத்தால் வளர்ச்சிப் பருவத்தில் 6 முதல் 10 வாரத்தில் தரை மூடிவிடும். ஜோய்சியாவை அதில் பாதி இடைவெளியில் நெருக்கி நட்டாலும் ஒரு முழுப் பருவம் பிடிக்கும், சில இடங்களில் இரண்டாவது பருவத்துக்கும் இழுக்கும். சொட்டை விழுந்த இடமும் இதே வேகத்தில்தான் மூடும். இரண்டுக்குமே தரைமேல் ஓடும் கொடியும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. ஆனால் பெர்முடாவின் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு வாரக்கணக்கில் நீளும்போது, ஜோய்சியா கணுக்களை நெருக்கி வைத்து அடர்த்தியைக் கூட்டிக்கொண்டிருக்கும். களையை அமுக்குகிற அதே அடர்த்திதான் காயம் பட்டால் பாரமாகிவிடுகிறது.

பெர்முடாவில் சொட்டையை மூடும் முறை எளிது. காய்ந்த புல்லை வாரி எடுத்துவிட்டு, மேல் 5 செ.மீ. மண்ணைக் கிளறி, உள்ளே புழு மிச்சம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வெளியே ஓடிப்போன கொடிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் 2, 3 கணு இருக்கும்படி நறுக்கித் தூவி, பாதி புதையும்படி மெல்லிய மண் போட்டு மிதித்துவிட வேண்டும். 10 முதல் 14 நாள் மேல்மண் காயக் கூடாது. கொடி காய்வதுதான் இந்த வேலை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம்: வெட்டிய துண்டு வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலே பாதி செத்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, மாலையில் நடுங்கள். ஜோய்சியாவில் தூவல் முறையை நம்பாதீர்கள். புல்பாய்த் துண்டு வாங்கிப் பொருத்துவதுதான் வழி.

பருவத்துக்குப் பருவம்

வெயில் ஏறி, புல் பாதிக்கு மேல் பச்சையான பிறகுதான் உரம். அதற்கு முன் போட்டால் களை தின்றுவிடும். பெர்முடாவுக்கு 100 சதுர மீட்டருக்கு 500 கிராம் யூரியா, 4, 5 வாரத்துக்கு ஒரு முறை. காய்ந்த இலைமேல் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் யூரியா ஒட்டினால் மறுநாள் புள்ளிப்புள்ளியாகக் கருகியிருக்கும். ஜோய்சியாவுக்கு இதே அளவு பருவம் முழுக்க 2, 3 முறை போதும். அதற்கு மேல் கொடுத்தால் தாட்ச்தான் ஏறும்.

தாட்ச் என்றால் பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் சேரும் காய்ந்த தண்டும் வேரும். 12 மி.மீ. வரை பரவாயில்லை. ஜோய்சியாவின் தண்டில் லிக்னின் என்ற மரச்சத்து அதிகம், மக்குவதற்கு நாளாகும், அதனால் அந்த அளவைச் சீக்கிரம் தாண்டிவிடும். பூச்சிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. படைப்புழு பகலில் ஒளிந்திருப்பது அங்கேதான். மேலிருந்து ஊற்றும் இமிடாகுளோப்ரிட் மாதிரியான மருந்து அந்தக் குப்பையில் ஒட்டிக்கொண்டு வேருக்கு இறங்காமல் நின்றுவிடுகிறது. புழு சாகவில்லை, மருந்து மட்டம் என்று சொல்கிற பல இடங்களில் ஒரு துண்டு புல்லை வெட்டித் தூக்கிப் பார்த்தால் விரல் தடிமனுக்குத் தாட்ச் இருக்கும். அதைக் கீறி எடுக்கும் வேலையிலும் பெர்முடா தாராளமானது. வளர்ச்சி தொடங்கியதும் தரையோடு ஒட்ட வெட்டி, செங்குத்து பிளேடு வண்டியை இரண்டு திசையில் ஓட்டினாலும் மூன்று வாரத்தில் எழுந்துவிடும். ஜோய்சியாவில் ஒரே திசை, லேசாக. கொஞ்சம் கை ஓங்கினால் கோடைப் பாதி வரை மொட்டையாகத் தெரியும்.

முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி வண்டு மொய்க்கத் தொடங்கினால் வேர்ப்புழுவுக்கு நாள் எண்ணத் தொடங்குங்கள். முட்டை பொரிய 2, 3 வாரம். அந்தச் சின்னப் புழுவுக்குத்தான் மருந்து வேலை செய்யும், நன்றாகப் பருத்த பிறகு எதைக் கொட்டினாலும் பலன் குறைவு. சோதனைக்கு 30 செ.மீ. சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டிப் புல்லைப் பாய்போல மடக்கிப் பாருங்கள். வேர் தின்னப்பட்டிருந்தால் வெட்டாத இடமும் கையோடு உரிந்து வரும். பழுப்புத் தலை, ஆறு கால், வளைந்த வெள்ளை உடல் என்றால் வேர்ப்புழு. காலே இல்லாமல் அரிசிமணி போல இருந்தால் அது பில்பக் வண்டின் புழு. பிந்தையதில் தண்டை இழுத்தால் அடியோடு ஒடிந்து வரும், ஒடிந்த இடத்தில் மரத்தூள் மாதிரிப் பொடி இருக்கும். ஜோய்சியாவுக்கு இதுதான் முக்கியமான எதிரி. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள், உள்ளே தண்டு குடையப்பட்டிருக்கும்.

அந்தச் சதுரத்தில் வேர்ப்புழு ஐந்துக்குக் கீழே என்றால் ஆரோக்கியமான புல் சமாளித்துக்கொள்ளும். பத்தை நெருங்கினால் மருந்து வேண்டும். குளோரான்ட்ரனிலிப்ரோல் என்றால் முட்டை பொரிவதற்கு முன்பே, இமிடாகுளோப்ரிட் என்றால் பொரியும் சமயத்தில். எதுவானாலும் போட்டதும் 12 மி.மீ. தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். இமிடாகுளோப்ரிட் தேனீக்கு எமன், ஆகவே புல்லுக்குள் பூத்திருக்கும் களைகளை முதலில் வெட்டிவிடுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு ஹெட்டரோராப்டிடிஸ் என்னும் நன்மை செய்யும் நூற்புழு இருக்கிறது: சதுர மீட்டருக்குச் சுமார் 2.5 லட்சம், ஈர மண்ணில், பொழுது சாய்ந்த பிறகு. தெளிப்பானின் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அதிலேயே நசுங்கிவிடும். பலன் ஒரே சீராக வருவதில்லை. உயிருள்ள சரக்கு கைக்கு வரும்போது எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதைப் பொறுத்தே பாதி முடிவு.

படைப்புழு மழை விட்ட நாட்களில் வரும். நெற்றியில் தலைகீழ் ஒய் குறி. தன் வாழ்நாள் தீனியின் பெரும்பகுதியைக் கடைசி சில நாட்களில்தான் அது தின்கிறது. அதனால்தான் நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று பழுப்பாகிவிட்டது என்று தோன்றும். புழு சிறிதாக இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் போதும், பெருத்துவிட்டால் ஸ்பைனோசாட். மாலையில் தெளித்து, அடுத்த இரண்டு நாள் வெட்டாமல் விட வேண்டும். இந்த இடத்தில் ஜோய்சியாவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு: காவலியர் மாதிரிச் சில ரகங்கள் படைப்புழுவுக்குப் பிடிப்பதில்லை. பெர்முடா அதற்கு விருந்து. ஆனால் புழு இலையைத்தான் தின்கிறது, அடிக்கணுவைத் தொடுவதில்லை. தண்ணீரும் ஒரு கை யூரியாவும் கொடுத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் எங்கே தின்றது என்றே தெரியாது.

பிள்ளைப்பூச்சியும் பெர்முடாவைத்தான் தேடி வரும், இதையும் மறைக்க வேண்டியதில்லை. காலால் மிதித்தால் மண் பொதபொதவென்று அமுங்கும், மேலே விரல் அகலத்தில் சுரங்கக் கோடு ஓடும். 4 லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து 60 செ.மீ. சதுரத்தில் விடிகாலையில் ஊற்றுங்கள். மூன்று நிமிடத்துக்குள் இரண்டு, நான்கு வெளியே வந்தால் மருந்து தேவை. அதுவும் குஞ்சுப் பருவத்தில். சிறகு முளைத்த பிறகு செலவுதான் மிச்சம்.

குளிர் தொடங்கும் நேரம் ஜோய்சியாவுக்குக் கண்டம். ரைசோக்டோனியா பூஞ்சணம் உண்டாக்கும் பெரும்வட்ட நோய் அப்போதுதான் பிடிக்கும்: ஓரத்தில் ஆரஞ்சு நிற வளையம், நடுவில் வைக்கோல். பருவக் கடைசியில் தழைச்சத்து கொடுத்திருந்தால் இன்னும் மோசம். அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சணக்கொல்லியை நோய் தெரிவதற்கு முன், வெப்பம் குறையத் தொடங்கியதும் தெளித்தால்தான் பயன். வட்டம் விழுந்துவிட்டால் அடுத்த கோடை நடுவரைக்கும் அது அப்படியே நிற்கும். மீளும் வேகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பெர்முடா கேட்கும் விலை

வெட்டுவதுதான். உச்ச வளர்ச்சியில் வாரத்துக்கு இரண்டு முறை. ஹைப்ரிட் என்றால் 12 முதல் 25 மி.மீ. உயரம், அதற்கு உருளை பிளேடு வண்டி வேண்டும். சாதாரணச் சுழல் பிளேடால் அவ்வளவு தாழ்வாக வெட்டினால் மேடு உள்ள இடமெல்லாம் மொட்டையாகும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பத்து நாள் விட்டுவிட்டு வந்து வெட்டினால் அடியில் இருக்கும் பழுப்புத் தண்டு மட்டும் மிஞ்சும். ஜோய்சியாவுக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒரு வெட்டு. ஆளில்லாமல் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் என் சாய்வை ஒதுக்கிவிட்டு ஜோய்சியாவையே போடுங்கள்.

பெர்முடாவுக்கே உரிய சிலந்திப்பூச்சி ஒன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. கணுக்கள் குறுகி, நுனி துடைப்பக்கட்டை போலக் கொத்தாகத் திரளும். மருந்து தேடுவதை விட, தாழ்வாக வெட்டி வெட்டியதை அள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரையும் உரத்தையும் முறையாகக் கொடுப்பதே கைகொடுக்கும்.

அடுத்தது, ஓட்டம். பூச்செடிப் பாத்திக்குள் புகுந்தால் பெர்முடாவைப் பிடுங்கி மாளாது, விட்டுப்போன ஒரு கணு போதும். ஓரத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தடுப்புப் பட்டை புதைத்து, அதன்மேல் வரும் கொடியை வெட்டும் நாளெல்லாம் நறுக்கிவிட வேண்டும். மரத்தடி நிழலுக்கு ஜோய்சியா, மீதிக்குப் பெர்முடா என்று பிரித்துப் போட நினைப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் பெர்முடா ஜோய்சியாவுக்குள் ஏறிவிடும். ஜோய்சியாவைக் காப்பாற்றி பெர்முடாவை அடக்கும் களைக்கொல்லிகள் உண்டு, ஒழிப்பவை இல்லை. ஆகவே நடுவில் குறைந்தது ஒரு நடைபாதைக் கல்லின் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு, இரண்டு பக்கமும் பட்டை புதைத்த பிறகு நடவைத் தொடங்குங்கள்.