நாகர்கோவிலில் சட்டமிட்ட இலங்கைக் காட்டுக்கோழி

இலங்கைத் தீவின் சிங்கராஜ வனத்தில் நான் எடுத்த இலங்கைக் காட்டுக்கோழிச் சேவலின் படத்தை, நாகர்கோவில் வடசேரியில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போடக் கொடுத்தேன். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வாழாத, இலங்கையின் தேசியப் பறவையான இதன் அழகெல்லாம் நிறத்தில்தான் இருக்கிறது: செம்பொன் கழுத்து, கருமையில் ஊதா மின்னும் சிறகும் வாலும், சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. முதல் அச்சில் அந்த மஞ்சள் வெளிறிப்போயிருந்தது. அது இல்லையென்றால் நம் பேச்சிப்பாறைப் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழியின் கொண்டை போலாகிவிடும் என்று சொன்னதும், முகம் சுளிக்காமல் என்னைக் கணினி அருகே உட்காரவைத்து நிறத்தைத் திருத்தி, கூடுதல் கட்டணமின்றி மறுபடி அச்சிட்டுத் தந்தார்கள். மேட் தாள் என்பதால் ஜன்னல் வெளிச்சம் பட்டாலும் கண் கூசவில்லை. தேக்குச் சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் மயிரிழை இடைவெளி தெரிகிறது.