மறைப்பணிப் பயணத்தின் பெயரில் பணம் வசூலிப்பவர் பற்றி: சேலம், ஏற்காடு பங்குகளின் இளையோருக்கும் பெற்றோருக்கும்

சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகள் சமூகத்தின்) இளையோர் குழு கென்யாவுக்கு மறைப்பணிப் பயணம் செல்வதற்காகச் சேர்த்த பணத்தைச் சேலத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண முகவர் பெற்றுக்கொண்டார். பயணம் நடக்கவில்லை. பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் திருப்பித் தந்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென் கொரியாவின் சியோல் நகரில் நடக்கவிருக்கும், பல நாட்டுக் கத்தோலிக்க இளையோர் கூடும் உலக இளையோர் நாளுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி, அதே மனிதர் மலைமேல் உள்ள பங்குகளில் துண்டறிக்கை கொடுத்து முன்பணம் கேட்டு வருகிறார் என்று அறிந்ததால், நடந்ததை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

என் மகள் உட்பட 14 பேர் செல்வதாக இருந்தது. தலைக்கு 1,60,000 ரூபாய். இவர்களில் பலர் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகக் கேரல் பாடியும், ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வாசலில் கேக், மிளகு, காப்பித்தூள் விற்றும் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். மீதியைப் பெற்றோர் கொடுத்தார்கள், சிலர் நகையை அடகு வைத்து. சுற்றுலாவுக்காகச் சேர்த்த பணமல்ல இது. வடமேற்குக் கென்யாவின் வறண்ட துர்க்கானா பகுதியில், 1992 முதல் இயங்கிவரும் ககுமா அகதிகள் முகாமுக்கு அருகே உள்ள ஒரு பங்கில் இரண்டு வாரம் தங்கிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக முகவர் கொடுத்த திட்டத்தை நம்பி, அதற்காகச் சுவாஹிலி மொழிப் பாடல்களைக்கூட அவர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் திட்டத்தில் முதலில் ஐயம் எழுப்பியது பயண நேரம். நைரோபியில் காலையில் வேன் ஏறினால் மதிய உணவுக்குத் துர்க்கானாவில் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. நைரோபியிலிருந்து துர்க்கானாவின் தலைநகரான லொட்வாருக்குச் சாலை வழியில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அரை நாளில் முடிகிற பயணமல்ல. இதைச் சுட்டிக்காட்டியபோது, "மறைமாவட்ட முத்திரையோடு கடிதமே வந்த பிறகு வேன் நேரத்தைப் பற்றி எதற்கு அண்ணா கவலைப்படுகிறீர்கள்" என்றார் அவர். கென்யாவின் மறைமாவட்டத்திலிருந்து (ஆயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து) வந்ததாக அவர் காட்டிய அந்தக் கடிதத்தைத்தான் எங்கள் பங்குத்தந்தை சரிபார்க்க எடுத்துக்கொண்டார். அதில் அச்சிட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதாமல், கென்யாவில் பணியாற்றும் தமக்குத் தெரிந்த துறவற சபையினர் வழியாக அங்குள்ள ஆயர் இல்லத்தை விசாரித்தார். அப்படி ஒரு குழு வருவதே தங்களுக்குத் தெரியாது, கடிதம் தங்களுடையதல்ல என்று பதில் வந்தது. மறைமாவட்ட முத்திரையை எந்தக் கடையிலும் செய்துகொள்ள முடியும் என்பதால், கடிதத்தில் இருக்கும் முகவரியிலேயே கடிதத்தின் உண்மையை விசாரிப்பது வீண்.

அதன் பிறகு அவர் கொடுத்த ஒவ்வொரு தாளையும் பெற்றோர் சேர்ந்து சரிபார்த்தோம். விமான டிக்கெட் என்று அவர் அனுப்பியதில் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த முன்பதிவுக் குறியீடு மட்டும் இருந்தது. அது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளமே தவிரப் பணம் கட்டியதற்கான சான்று அல்ல. பணம் கட்டி வழங்கப்பட்ட டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும், ஏர் இந்தியாவுக்கு 098, கென்யா ஏர்வேஸுக்கு 706 என்பதுபோல. எங்கள் தாள்களில் அந்த எண் எங்கும் இல்லை. விமான நிறுவனத்தைக் கேட்டபோது, உரிய கெடுவுக்குள் பணம் வராததால் முன்பதிவு தானாகவே ரத்தாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

விசாக் கட்டணம் என்று தலைக்கு 9,000 ரூபாய் வாங்கியிருந்தார். கென்யா 2024 ஜனவரியிலேயே விசா முறையை நீக்கிவிட்டு, இணையத்தில் பெறும் மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்துவிட்டது. அப்போது அறிவித்த கட்டணம் 30 டாலர். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு மூலத்தில் வசூலிக்கும் வரி என்று இன்னொரு தொகையையும் பிடித்திருந்தார். அந்த வரி சட்டப்படி உள்ளதுதான். ஆனால் உண்மையில் கட்டியிருந்தால் பணம் செலுத்தியவரின் பான் எண்ணுக்கான வரிக் கணக்கில் அது தெரிய வேண்டும். எங்கள் அன்பியத்தைச் (பங்கின் அண்டை வீட்டார் குழுவைச்) சேர்ந்த கணக்காளர் ஒருவர் அந்தக் கணக்கைக் காட்டும் 26ஏஎஸ் படிவங்களை எடுத்துப் பார்த்ததில், ஒருவர் பெயரிலும் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்கவில்லை.

எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது பணமல்ல, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே அழைத்துச் சென்று 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குக் கடவுச்சீட்டோடு நேரில் சென்று, சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்தில், ஊசி போட்டுக்கொண்டால்தான் அதைப் பெற முடியும். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே அது செல்லுபடியாகும். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட ஊசி போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் 14 பேருக்கும் கையெழுத்திட்ட மஞ்சள் நிறச் சான்றிதழ்க் கையேடுகளை அவர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடுப்பூசி கோழிமுட்டையில் வளர்த்துத் தயாரிக்கப்படுவதால், முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களை மருத்துவர் விசாரித்து விலக்குவது வழக்கம். குழுவில் அத்தகைய ஒவ்வாமை உள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயரிலும் ஒரு கையேடு இருந்தது. கொசு பரப்பும், உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இருக்கும் நாட்டுக்குப் பாதுகாப்பில்லாமல் பிள்ளைகளை அனுப்பத் துணிந்தவர், அந்தக் கையேடுகளைக் கோயில் வளாகத்தில் செபம் சொல்லிவிட்டு வழங்கினார்.

அவருடைய கடிதத்தாளில் நிறுவனப் பெயரோடு 'கத்தோலிக்க' என்ற சொல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 300ஆம் எண், உரிய திருச்சபை அதிகாரியின் இசைவின்றி எந்தக் கழகமும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. 1265ஆம் எண், பக்தி நோக்கத்துக்காகத் தனியார் காணிக்கை திரட்டுவதற்குத் தம் ஆயரிடமும் அந்தந்த இடத்து ஆயரிடமும் எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்கிறது. அந்த அனுமதியைக் காட்டும்படி எந்தப் பங்கிலும், எந்தப் பெற்றோரும் தயங்காமல் கேட்கலாம். கேட்பது குருக்களையோ விசுவாசத்தையோ அவமதிப்பதாகாது.

சியோலுக்கு விசா உறுதி என்று அவர் துண்டறிக்கையில் எழுதியிருக்கிறார். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தென் கொரியா செல்ல விசா வேண்டும். அதைத் தருவதும் மறுப்பதும் அந்நாட்டு அதிகாரிகள் மட்டுமே. உலக இளையோர் நாளுக்குப் போக விரும்பும் இளையோர், மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவிடம் நேரில் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வையுங்கள். இணையவழியில் ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. நாங்கள் காவல்துறையிலும் ஆணையத்திலும் புகார் அளித்திருக்கிறோம். இதே மனிதரிடம் பணம் கொடுத்தவர் யாராக இருந்தாலும், கொடுத்தது சிறு முன்பணமே என்றாலும், உங்கள் பங்குத்தந்தை வழியாக எங்களைத் தொடர்புகொண்டால் மனுக்களின் நகலைத் தருகிறோம், காவல் நிலையத்துக்கும் உடன் வருகிறோம்.