லீஸ் காருக்கு ஒடுக்கு எடுக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

லீஸில் ஓட்டும் காரில் ஒடுக்கு விழுந்திருந்தால், பட்டறைக்காரர் வாயால் சொல்வதை நம்பி சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். என்ன வேலை, எந்த முறையில் செய்யப்போகிறார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

என் வண்டியில் பின்கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஒடுக்கு. பெயின்ட் உரியவில்லை, கீறல்கூட இல்லை. கதவின் ஓரத்திலோ மடிப்புக்கோட்டிலோ இல்லாமல் நடுவில் இருந்தது. பெயின்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுக்கும் முறைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கதவின் உள்பக்கமாக மெல்லிய கம்பியை விட்டுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுவார்கள். கம்பி போகாத இடமென்றால் பசை ஒட்டி வெளியிலிருந்து இழுப்பார்கள். கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான். "அப்படியே பண்ணிடலாம் சார், பெயின்ட்டைத் தொடவே மாட்டோம்" என்றார் பட்டறைக்காரர்.

வண்டி வந்தபோது பளபளவென்று இருந்தது. பில்லில் 'டென்ட் வேலை' என்று மட்டும் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்பது லீஸ் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் தெரிந்தது.

பரிசோதனைக்கு வந்தவர் பெயின்ட்டின் கனம் பார்க்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு பேனலாக வைத்துக்கொண்டே போனார். கம்பெனி பெயின்ட் என்றால் சுமாராக 100 முதல் 180 மைக்ரானுக்குள் காட்டும். மற்ற கதவுகள் எல்லாம் அப்படித்தான் காட்டின. பின்கதவில் 600-ஐத் தாண்டியது. "உள்ளே பட்டி இருக்கு" என்றார். பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கப் பூசும் பசையைத்தான் பட்டி என்பார்கள்; அதன்மேல் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். பிறகு அவர் காட்டக் காட்ட எல்லாம் கண்ணில் பட்டது: ஜன்னல் ரப்பர் பீடிங்கில் ஸ்ப்ரே தூசி, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பக்கத்துப் பேனலோடு ஒட்டாத ஷேடு. மெட்டாலிக் கலரில் ஒரு பேனலுக்கு மட்டும் அடித்தால் இப்படித்தான் தனியாகத் தெரியும். பக்கத்துப் பேனல் வரைக்கும் கலரை இழைத்துக் கொண்டுபோகத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

அறிக்கையில் எழுதியது ஒடுக்கு என்று இல்லை, 'தரமற்ற பழுதுபார்ப்பு' என்று. பட்டியைச் சுரண்டி, கதவு முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவு என் தலையில். ஒடுக்கை அப்படியே விட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது என்று அவரே சொன்னார்.

பட்டறைக்குப் போய்க் கேட்டால், "ஒடுக்கு போச்சா இல்லையா சார்?" என்கிறார். சொந்த வண்டியாக இருந்தால் இந்த வாதத்துக்கு நானே தலையாட்டியிருப்பேன். லீஸ் வண்டி அப்படியில்லை. அது லீஸ் கம்பெனியின் சொத்து. எந்தப் பட்டறையில் வேலை பார்க்கலாம் என்று பல ஒப்பந்தங்களிலேயே இருக்கும். எவ்வளவு தேய்மானம் சாதாரணம், எது அதற்கு மேல் என்பதற்கும் அவர்களிடம் அளவு உண்டு. ஒடுக்கு அந்த அளவுக்குள் அடங்கினால் கையே வைக்க வேண்டாம். அடங்காவிட்டால், ஒடுக்கை அளவோடு படம் எடுத்து லீஸ் கம்பெனிக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டில் போகலாமா என்பதையும் அப்போதே கணக்குப் போட்டுவிடலாம். நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கும், காப்பீட்டில் பணம் கேட்காமல் இருப்பதற்குக் கிடைக்கும் போனஸ் போவதும் சேர்ந்தால் சின்ன ஒடுக்குக்குப் பெரும்பாலும் கட்டுபடியாகாது.

எல்லா ஒடுக்கையும் பெயின்ட் அடிக்காமல் எடுத்துவிட முடியாது என்பதும் உண்மை. பெயின்ட் வெடித்திருந்தாலோ, தகடு கூர்மையாக மடிந்து இழுபட்டிருந்தாலோ, பேனலின் ஓரத்தில் விழுந்திருந்தாலோ அந்த முறை சரிவராமல் போகலாம். நல்ல வேலைக்காரர் பார்த்தவுடனே அதைச் சொல்லிவிடுவார். என் கோபம் பட்டி போட்டதற்காக இல்லை, கேட்காமல் போட்டதற்காக.

வண்டியைக் கையில் வாங்கும்போதே கனம் பார்க்கும் கருவியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால், தகடு இரும்பாக இருக்கும்பட்சத்தில் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும். கனமாகப் பட்டி போட்ட இடத்தில் சரியாக ஒட்டாது. கதவின் உள்பக்கத்தையும் பீடிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பில்லில் 'பெயின்ட், பட்டி இல்லாமல்' என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டறையில் இதை எழுதச் சொல்லியிருந்தால், வேலையையே எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.