கிலாங் (தொழிற்சாலை) ஷிப்டா, உணவு டெலிவரியா? பினாங்குப் பையன்களுக்கு எது தேறும்?

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையன்களிடம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கிலாங் வேலை என்று சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மோட்டார் இருக்கிறது, போன் இருக்கிறது, அப்புறம் எதற்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். தைப்பூசத்துக்கு லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்காமல், மூன்று நாளும் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமே கிடக்கலாம்.

கைக்கு வரும் காசிலும் டெலிவரி சில மாதம் முந்தும், குறிப்பாக மழைக்காலத்தில். ஆனால் பெட்ரோல், டயர், போன் டேட்டா எல்லாம் சொந்தச் செலவு.

யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்றால் நம் பங்கு 187 போகிறதே என்று முணுமுணுக்கிறோம், முதலாளி அதற்கு மேல் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி போடுவது சம்பளச் சீட்டைப் புரட்டினால்தான் கண்ணில் படும். ஆண்டுக்கு 2,652 வெள்ளி! டெலிவரிக்காரர் ஐ-சாரானில் (சொந்தத் தொழில் செய்வோருக்கான ஈபிஎஃப் திட்டம்) தானாகச் சேமித்தால் அரசு சேர்ப்பது 2025 நிலவரப்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 500தான், அதுவும் அவர் முதலில் போட்டால்.

வேலை நேரத்திலும் கிலாங்குக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2023-இல் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் (முன்பு 48), மேலே போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். டெலிவரிக்காரர் போன்ற கிக் தொழிலாளர்களுக்கும் 2025-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது, தகராறுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. நல்லதுதான், ஆனால் அது முதலாளி போடும் அந்த 221 வெள்ளிக்கு ஈடாகாது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலையா? படிப்பு இருந்தால் சரி. அதே 2023 திருத்தத்தின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய எழுதிக் கேட்டால் முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். மறுக்கவே கூடாது என்று சட்டத்தில் இல்லை.

பெண் வீட்டார் கதை வேறு. ஒரு காலத்தில் 'கிலாங்கா' என்று இழுத்தவர்கள் இப்போது 'நிரந்தரமா, ஈபிஎஃப் இருக்கா' என்று கேட்கிறார்கள். வங்கிக்காரரும் அதைத்தான் கேட்கிறார்.

என்னைக் கேட்டால் கிலாங்தான், ஆனால் ஆப்பரேட்டராகவே காலம் தள்ள அல்ல. அந்த வேலையைத்தான் இயந்திரம் முதலில் விழுங்கும். இயந்திரத்தைப் பழுது பார்க்கும் டெக்னீஷியனாக ஏறப் பாருங்கள், பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் இங்கேதான் இருக்கிறது. ஓய்வு நாளில் தெம்பு இருந்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போங்கள், யார் தடுத்தது?