சுருட்டுப் பிடிக்கும் அப்பாவுக்கு ஒரு புகை அலாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்து ஹார்டுவேர் கடையில் 39 வெள்ளி (ரிங்கிட்). உள்ளங்கை அளவு, வெள்ளை பிளாஸ்டிக். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தரலாம். ஒன்று குறைந்ததற்குச் சாம்பிராணிதான் காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை வாங்க வைத்தது வாட்ஸ்அப். மனுஷன் தானாகத் தீப்பிடித்துச் சாம்பலானான் என்று ஒரு வீடியோ எங்கள் தோட்டத்து லயம் முழுக்கச் சுற்றியது. பக்கத்து வீட்டு அத்தை செய்வினை என்றார். அப்பா, "அதுக்கு ஏம்மா என் சுருட்டையே பாக்குற?" என்றார். பார்க்காமல் என்ன செய்வது? சாய்வு நாற்காலியில் சுருட்டும் கையுமாகக் கண்ணயர்ந்துவிடுவார். அவர் கைலியில் பொட்டுப் பொட்டாகச் சுட்ட ஓட்டைகள்.

1951-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மேரி ரீசர் என்ற மூதாட்டி நாற்காலியோடு எரிந்துபோனார். செருப்பு மாட்டிய ஒரு பாதம் எரியாமல் மிச்சம். இன்றைக்கும் அதை மர்மம் என்கிறார்கள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு, நைட்கவுனோடு சிகரெட் பிடித்தவர் அவர் என்பதை மட்டும் வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

நடப்பது இதுதான்: துணியில் நெருப்பு பற்றுகிறது, தோல் வெடிக்கிறது, கொழுப்பு உருகித் துணியில் ஊறுகிறது. மெழுகுவர்த்தியை உள்வெளியாகத் திருப்பியது போல, திரி வெளியே, மெழுகு உள்ளே. சுடர் சின்னதுதான், ஆனால் மணிக்கணக்காக அணையாது. கொழுப்பு குறைந்த பாதம் தப்பிவிடும். 1998-இல் ஜான் டிஹான் என்ற தீ விசாரணை நிபுணர், செத்த பன்றியைப் போர்வையில் சுற்றி, கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கொளுத்திப் பார்த்தார். எலும்பே பொடிந்துவிட்டது.

குடிகாரன் உடம்பு சாராயத்தில் ஊறி எரியும் என்ற பழைய பேச்சை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் மறுத்துவிட்டார். சாராயத்தில் ஊறப்போட்ட சதைகூட அப்படி எரியாதாம். அயர்லாந்தில் மட்டும் 2011-இல் ஒரு மரண விசாரணை அதிகாரி "தானாக எரிந்தார்" என்றே தீர்ப்பு எழுதினார். செத்தவருக்குப் பக்கத்திலேயே கணப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை.

ஆக, பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் கனலும் நெருப்புக்கு. அதனால் பெட்டியில் 'ஃபோட்டோஎலக்ட்ரிக்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒரு ஒளிக்கற்றை ஓடும். புகை நுழைந்ததும் ஒளி சிதறி உணர்வியில் படும், உடனே கத்தும். கனல் நெருப்பை, 'அயனி' என்ற இன்னொரு வகை அலாரத்தைவிட இது சீக்கிரம் கண்டுபிடிக்கும். தகர டின்னில் சாக்குத் துண்டைப் போட்டுக் கனலவிட்டுப் பார்த்தேன். சுடர் கிளம்பும் முன்பே லயமே எழுந்து வருகிற மாதிரி கத்தியது. நாய் செம்பனைக் காட்டுக்குள் ஓடியது ஓடியதுதான், சோற்று நேரத்துக்குத்தான் திரும்பியது.

குறை என்னவென்றால், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் அதே சத்தம். கருவாடு பொரித்தாலும் அப்படித்தான். நிறுத்தும் பொத்தான் அலாரத்திலேயே இருப்பதால் அப்பா கைத்தடியால் குத்துகிறார். சமையல்கட்டை ஒட்டி மாட்டாதீர்கள்.

9 வோல்ட் பேட்டரி பெட்டியில் கிடையாது, கடை முதலாளி தௌக்கேயிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பேட்டரியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.