முனகும் சமையலறை டியூப்லைட்: சோக்கை மாற்றுவதா, குழலை மாற்றுவதா, செட்டையே கழற்றுவதா?

சமையலறை டியூப்லைட் ஓயாமல் முனகுகிறது என்றால் பெரும்பாலோர் முதலில் வாங்கி வருவது ஒரு எல்.இ.டி குழலைத்தான். அதை மாட்டிய பிறகும் அதே ‘ங்ங்ங்’ கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சத்தம் வருவது குழலுக்குப் பின்னால் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சோக்கிலிருந்து. அது சுற்றில் இருக்கும் வரை எந்தக் குழலைப் போட்டாலும் அரைத் தீர்வுதான். ஆகவே ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது முதல் கேள்வி: சோக் வெளியே போகிறதா, இல்லையா?

எந்தச் சத்தம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

சோக் என்பது இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் கம்பி சுற்றிய சுருள். மின்னோட்டம் திசை மாற மாற அந்தத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்கும். ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை என்பதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸிலும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120 ஹெர்ட்ஸிலும் ஒலி எழும். தகடுகளைப் பிடித்திருக்கும் வார்னிஷ் வருடக்கணக்கில் சூடுபட்டுக் காய்ந்தால் பிடி தளரும், முனகல் கரகரப்பாகும். நீளமான மெல்லிய தகரம் அதை வாங்கி இன்னும் பெரிதாக்கும்.

விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது, உலர்ந்த கையால் ஸ்டார்ட்டரின் பிளாஸ்டிக் உடலை மட்டும் பிடித்துத் திருகி வெளியே எடுங்கள். குழல் அணையாது, பற்றவைத்ததோடு ஸ்டார்ட்டரின் வேலை முடிந்துவிட்டது. சத்தம் நின்றால் ஸ்டார்ட்டர், தொடர்ந்தால் சோக். உலர்ந்த மரக்குச்சியால் மூடியை அழுத்தும்போது ஒலி மாறினால் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை முறுக்கினாலே பாதி சத்தம் போய்விடும். சோக்குக்கு அடியில் ரப்பர் வைத்து அடக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். சோக் தன் சூட்டைத் தகரத்தின் வழியாகத்தான் இறக்குகிறது, எர்த்தும் பல செட்களில் சோக்கைப் பிடித்திருக்கும் திருகு வழியாகவே போகிறது.

முனைகள் கறுத்து, விட்டுவிட்டு மின்னி, ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டால் குழலுக்கு வயதாகிவிட்டது. மெல்லிய ‘கீ’ என்ற ஒலி வந்தால் உள்ளே இருப்பது எலக்ட்ரானிக் சோக். அதுவும் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்.

எலக்ட்ரானிக் சோக்குக்கு மாறுவது

சத்தத்தை மட்டும் பார்த்தால் இது நல்ல தீர்வு. எலக்ட்ரானிக் சோக் வழக்கமாக 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும். நம் காதுக்கு எட்டாது. மினுக்கலும் நின்றுவிடும். 36 வாட் குழலோடு பழைய இரும்புச் சோக் தனியாகத் தின்னும் 8, 10 வாட்டும் வெகுவாகக் குறையும்.

ஆனால் குழலுக்கு எங்கே போவது? பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023 இல் கூடி, பொது விளக்குகளுக்கான, பாதரசம் உள்ள நீளக் குழல்களின் உற்பத்தியையும் இறக்குமதி ஏற்றுமதியையும் 2027 க்குள் முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. கையில் நல்ல குழல்கள் இருப்பு இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். புதிதாகக் கைக்காசு போட்டு அழிந்துவரும் ஒன்றுக்குத் துணை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சோக்கை விட்டுவிட்டு எல்.இ.டி குழல்

ஐந்து நிமிட வேலை. பழைய குழலைத் தொண்ணூறு பாகை திருப்பி எடுத்துவிட்டு, புதியதை மாட்டி, பழைய ஸ்டார்ட்டருக்குப் பதில் குழலோடு வந்த போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். அந்தப் போலிக்குள் இருப்பது ஒரு ஃபியூஸ், அவ்வளவுதான். அதை மறந்து பழைய ஸ்டார்ட்டரையே விட்டால் குழல் எரியாது, அல்லது மினுக்கும்.

36 வாட் குழல் சோக் வழியாக ஏறக்குறைய 0.43 ஆம்பியர் இழுக்கும். 18 வாட் எல்.இ.டி அதில் கால்பங்கு கூட இழுக்காது. அதனால் முனகல் குறையும் என்பது உண்மை. தகடு தளர்ந்த சோக் என்றால் குறைந்த மின்னோட்டத்திலும் அது விடாது. இரவில் வீடு அடங்கிய பிறகு கேட்கத்தான் செய்யும். போதாததற்கு, நாளை சோக் போனாலும் விளக்கு அணையும், குழல் போனாலும் அணையும். வாடகை வீட்டில், வயரைத் தொடக்கூடாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது சரி.

இரும்புச் சோக்குக்கான எல்.இ.டி குழலை எலக்ட்ரானிக் சோக்கில் மாட்டாதீர்கள். அதிக அதிர்வெண் பாய்ந்து குழலின் டிரைவர், அதாவது எல்.இ.டிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் சுற்று, கருகிவிடும். பெட்டியின் மேல் எந்தச் சோக்கோடு வேலை செய்யும் என்று போட்டிருக்கும். அதைப் படித்த பிறகே வாங்குங்கள்.

சோக்கைக் கழற்றி நேரடி இணைப்பு

செட்டின் தகரமும் ஹோல்டர்களும் நல்ல நிலையில் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். சத்தத்தின் மூலமே வெளியே போய்விடுகிறது. கொஞ்சம் வயரிங் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.

சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி.யை (அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு டெஸ்டரால் இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்த பிறகே மூடியைத் திறங்கள். பவர் ஃபேக்டருக்கான கெப்பாசிட்டர் இருந்தால் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். சில நிமிடம் விட்டு, அதையும் சோக்கோடு சேர்த்துக் கழற்றிவிடுங்கள். அரைக் கிலோ இரும்பு தலைக்கு மேல் தொங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். ஒரு கையால் தாங்கிக்கொண்டுதான் கடைசித் திருகை எடுக்க வேண்டும்.

இனி எல்லாம் குழலைப் பொறுத்தது. ஒருமுனைக் குழலுக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஹோல்டரின் இரண்டு துளைகளுக்குப் போகும். மறுமுனை வெறும் தாங்கி. இருமுனைக் குழலுக்கு ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் நியூட்ரல். இரண்டிலும் ஆளுக்கொரு வம்பு உண்டு. ஒருமுனைக் குழல் பலவற்றில் மறுமுனையின் இரண்டு ஊசிகளும் உள்ளே இணைந்திருக்கும். திருப்பி மாட்டினால் நேரடி ஷார்ட். சில ஹோல்டர்களிலும் இரண்டு துளைகள் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டர் வைத்து, இரண்டுக்கும் இடையே தொடர்பு காட்டினால் அந்த ஹோல்டரை மாற்றுங்கள். இருமுனைக் குழலிலோ, மின்சாரம் இருக்கும்போது ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனை ஊசியைத் தொட்டால் ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு.

ஒரே சோக்கில் இரண்டு 2 அடிக் குழல்கள் தொடராக ஓடும் செட்டும் பரவலாக உண்டு. அதில் பழைய வயரை அப்படியே விட்டால் புதுக்குழல்கள் மங்கும் அல்லது எரியாது. ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக ஃபேஸ், நியூட்ரல் இழுக்க வேண்டும்.

முடித்ததும் தகரத்துக்கு எர்த் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்து, மேலே “சோக் இல்லை, எல்.இ.டி மட்டும்” என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். பிறகு யாரோ ஒருவர் பழைய குழலை இதில் மாட்டினால், ஒருமுனை இணைப்பில் முழு மின்னழுத்தமும் அதன் இழையின் குறுக்கே பாய்ந்து, ஒரு கணம் பளிச்சென்று வெடித்து அணையும்.

புது பேட்டன் அல்லது பேனல்

ஹோல்டர் மஞ்சளித்து, தொட்டால் பொடிகிறது என்றால் செட்டோடு கழற்றுங்கள். எல்.இ.டியும் சட்டமும் ஒன்றாகவே வரும் நீள விளக்குதான் பேட்டன், பேனல் என்பது தட்டையான பலகை போன்றது. மூடிய பேட்டனுக்குள் எண்ணெய்ப் புகையும் பூச்சியும் போகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதற்கு, தூசியும் நீரும் புகாத அளவைச் சொல்லும் ஐ.பி. எண் 54 அல்லது 65 என்று குறித்ததைப் பாருங்கள். குறை என்னவென்றால், பல பேட்டன்களில் டிரைவர் உள்ளேயே ஒட்டியிருக்கும். அது போனால் முழுதும் குப்பை. பேனல்களில் டிரைவர் தனிப் பெட்டியாக இருப்பதால் அதை மட்டும் மாற்ற முடியும். பழைய அகலமான செட்டைவிடப் புது பேட்டன் ஒல்லி. கூரையில் பழைய செட்டின் அச்சும் திருகு ஓட்டைகளும் அப்படியே தெரியும். பூசிப் பெயின்ட் அடிப்பதையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக்கு அடியில் பட்டை விளக்கு

இது முந்தையவற்றுக்கு மாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டால் கவனிக்காமல் விடவும் முடியாது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் சமையலறை. கூரையில் 2000 லூமன் (வெளிச்ச அளவு) குழல் ஒன்று. பாதி வெளிச்சம் சுவரிலும் அலமாரியிலும் போனது என்று வைத்தால், மேடைக்குக் கிடைப்பது சராசரியாகச் சதுர மீட்டருக்கு 110 லூமன், அதாவது 110 லக்ஸ். காய் நறுக்க 500 லக்ஸ் இருந்தால் நல்லது. போதாக்குறைக்கு விளக்கு முதுகுக்குப் பின்னால். கத்தியின்மேல் உங்கள் நிழலே விழும். இதையே மீட்டருக்கு 10 வாட், 900 லூமன் தரும் பட்டையாக அலமாரிக்கு அடியில் வைத்தால், 60 சென்டிமீட்டர் அகல மேடையில் பாதி வீணானாலும் 750 லக்ஸ் கிடைக்கும்.

பட்டையைச் சுவரோரம் ஒட்டாமல் அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி வையுங்கள். மேடைக் கல் பளபளப்பானது என்றால் ஒவ்வொரு புள்ளியும் அதில் கண்ணைக் குத்தும். பால்நிற மூடி உள்ள அலுமினியச் சட்டம் அவசியம். 3 மீட்டருக்கு 30 வாட் என்றால் 40 வாட் டிரைவர் போடுங்கள். முழுத்திறனில் ஓடும் டிரைவர்தான் சீக்கிரம் சூடாகி முனக ஆரம்பிக்கும். அடுப்புக்கு நேர்மேலே டிரைவரும் வேண்டாம், பட்டையும் வேண்டாம். சூட்டில் டிரைவரின் கெப்பாசிட்டர் உலரும், எண்ணெய் ஆவியில் ஒட்டுப்பசை விடும்.

எதை எடுத்தாலும் பார்க்க வேண்டியவை

எல்.இ.டி என்றாலே மௌனம் என்றில்லை. பழைய டிம்மர் சுவிட்சோடு சேர்த்தால் டிரைவர் கிர்ரென்று கத்தும். டிம்மரை எடுத்துவிட்டுச் சாதா சுவிட்ச் போடுங்கள். வாங்கும் இடத்திலேயே எரியவைத்து, கைபேசி கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் துடிப்பது தெரிந்தால் அது மலிவான டிரைவர். நிறக்காட்டுத் திறன் (பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, பெட்டியில் CRI) 90 க்கு மேல் இருக்கட்டும். 80 இல் தக்காளியின் சிவப்பும் இறைச்சியின் நிறமும் வெளிறித் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் கூடக்கூட நீலவெண்மை, குறையக்குறைய மஞ்சள். சமையலறைக்கு 4000 கெல்வின் தோதானது. கூரை விளக்கு 6500, பட்டை 3000 என்று கலந்தால் ஒரே மேடை இரண்டு நிறத்தில் தெரியும்.

கழற்றிய குழலில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் திணிக்காமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால்மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை வாரி, ஈரத்தாளால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். துடைப்பம், வேக்யூம் கிளீனர் இரண்டும் கூடாது, அவை பாதரசத்தைப் பரப்பிவிடும்.