கவரா, லாக்கரா, ஷமிரா, மல்டிசிக்கா: என் ஹார்டுவேர் வாலட் யாருக்கு, எப்படிப் போய்ச் சேரும்?

சேலத்தில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். பாட்டி போய் முப்பது வருடம் ஆகியும் எங்கள் வீட்டுக் குடத்தில் அவர் பெயர் இருக்கிறது. என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஹார்டுவேர் வாலட்டுக்கு (பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தின் ரகசியச் சாவியைப் பூட்டி வைக்கும் குட்டிப் பெட்டி) அந்தக் கொடுப்பினை இல்லை. நான் போய்விட்டால் என் மனைவிக்கு அது ஒரு பழைய பென்டிரைவ்.

போன மாதம் ஒரு சோதனை செய்தோம். "நான் இல்லைன்னு வெச்சுக்கோ, நீயா எடுத்துப் பாரு" என்றேன். "வாயைக் கழுவுங்க" என்று திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பின் எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டாள். பெட்டி எல்லாவற்றையும் அழித்துக்கொண்டது. என் பெட்டி லெட்ஜர் நிறுவனத்துடையது, மூன்றாவது தவறிலேயே அழித்துவிடும். டிரெசர் என்ற இன்னொரு நிறுவனத்தின் பெட்டி 16 வரை பொறுக்கும். அவள் முகம் வெளிறிவிட்டது. பணம் பெட்டிக்குள் இல்லை, அதன் சாவியை மீண்டும் உருவாக்கும் 24 சீட் சொற்களில் இருக்கிறது, அவை இருந்தால் அவற்றை ஏற்கும் வேறு பெட்டியிலும் திறக்கலாம் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சொற்களைப் போட்டுத் திறந்தாள். இருப்பு: பூஜ்யம்.

காரணம், நான் புத்திசாலித்தனமாகச் சேர்த்திருந்த பாஸ்பிரேஸ். சீட் சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியச் சொல். இதில் ஒரு எழுத்து பிசகினாலும் வாலட் 'தவறு' என்று சொல்லாது. காலியான இன்னொரு வாலட்டைத் திறந்து காட்டும். திருடனை ஏமாற்ற அருமையான ஏற்பாடு, வாரிசையும் அதே மாதிரி ஏமாற்றும். ஆகவே இந்த அலசலில் என் அளவுகோல் ஒன்றுதான்: நான் வாய் திறக்காமல், என் மனைவியோ மகளோ தானாக எடுக்க முடியுமா?

முதலில் கவர். 24 சொற்களைத் தாளில் எழுதி, ஒட்டி, பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பது. வாரிசுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. திருடனுக்கும் அதே எளிது. தீ, கரையான், மழைக்கசிவு என்று தாளுக்கு எதிரிகள் வேறு. தாளுக்குப் பதில் எவர்சில்வர் தகடு வைக்கலாம். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து போதும், அதை வைத்தே சொல்லைக் கண்டுபிடிக்கும்படிதான் சீட் சொற்களை எடுக்கும் 2048 ஆங்கிலச் சொற்களின் பட்டியல் அமைந்திருக்கிறது. அதிகபட்சம் 96 எழுத்து. ஆனால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரிடம் தகட்டைக் கொடுத்துவிடாதீர்கள்! எழுத்து அச்சு வாங்கி வந்து, சுத்தியலால் நீங்களே அடிக்க வேண்டும்.

அதே தகட்டை வங்கி லாக்கரில் வைத்தால்? மனைவியும் கூட்டு வாடகைதாரராக இருந்தால் பிரச்சினை குறைவு. என் ஒருவன் பெயரில், நாமினியும் இல்லாமல் இருந்தால், தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்குவதில் தொடங்கி நடையாய் நடக்க வேண்டும். கவரைவிட லாக்கர் மேல்தான். ஆனாலும் ஒரே இடம், ஒரே தகடு.

'பாதிச் சொற்கள் வீட்டில், பாதி மச்சானிடம்' என்று நானும் யோசித்தேன். படுமோசமான யோசனை. எந்தப் பாதி தொலைந்தாலும் மொத்தமும் போச்சு.

இந்தக் குறைக்கு மருந்து ஷமிர் முறை. 1979இல் ரகசியக் குறியீட்டியல் அறிஞர் ஆதி ஷமிர் தந்த கணிதம். ரகசியத்தை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி அமைக்கலாம், ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. என் கணக்கில் ஒன்று வீட்டில், ஒன்று லாக்கரில், ஒன்று ஏற்காட்டில் மச்சான் வீட்டில். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் தாள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அங்கே கட்டாயம் தகடுதான். வீட்டுப் பங்கும் லாக்கர் பங்கும் மனைவிக்கே எட்டும், மச்சானைக் கெஞ்ச வேண்டாம். மச்சான் தனியாக எதுவும் செய்ய முடியாது. வீட்டில் திருடு போனாலும் திருடனுக்குக் கிடைப்பது பயனில்லாத ஒரு தகடு. குறை இல்லாமல் இல்லை: டிரெசர் போன்ற சில வாலட்டுகளே இதை ஏற்கும், சொற்பட்டியலும் வேறு. எந்த வகைப் பெட்டி வாங்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மல்டிசிக் இதன் பெரியண்ணன். மூன்று தனித்தனி சாவிகள். பணம் நகர இரண்டு கையெழுத்து வேண்டும். ஷமிரில் திறக்கும் கணத்தில் ரகசியம் முழுதும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகிறது. மல்டிசிக்கில் அது கூடக் கிடையாது. உயிரோடு இருக்கும் எனக்கு இதுதான் அதிகப் பாதுகாப்பு. வாரிசுக்கு? இரண்டு சாவிகளின் சொற்கள் இருந்தாலும் மூன்றாவதன் பொதுச்சாவி (பணத்தை நகர்த்தாத, அடையாளம் காட்ட மட்டும் உதவும் பாதி) விவரம் இல்லையென்றால் வாலட்டைக் கட்டியெழுப்ப முடியாது. மூன்று பொதுச்சாவிகளும் உள்ள அமைப்புக் கோப்பை ஒவ்வொரு சாவியோடும் ஒரு நகலாக வைக்க வேண்டும். இதை என் மனைவிக்கு விளக்க ஆரம்பித்தேன், பாதியில் அவள் இட்லிக்கு ஊறப்போட எழுந்து போய்விட்டாள். எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

லியானா என்ற பிட்காயின் வாலட்டில் காலப்பூட்டு உண்டு. குறிப்பிட்ட காலம் பணம் அசையாமல் கிடந்தால் வாரிசின் சாவி தானாக உயிர் பெறும், உச்சவரம்பு ஏறத்தாழ 15 மாதம். அழகான யோசனை. ஆனால் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு முறையும் பணத்தை நகர்த்தி, கட்டணம் கட்டி, பூட்டைப் புதுப்பிக்க வேண்டும். கேஸ் புக் பண்ணவே மறக்கும் ஆள் நான்.

சரி, எல்லாவற்றையும் கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரே வரி: 2024 ஜூலையில் வசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது. அந்த விவகாரத்தில் எழுந்த ஒரு வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோவும் சொத்துதான் என்றது.

சொத்து என்றானபின் உயிலும் வேண்டும். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. என் விஷயத்தில் மனைவி, மகள், அம்மா மூவரும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. உயிலில் யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் இருக்கட்டும். சீட் சொற்களை மறந்தும் எழுதாதீர்கள், உயில் பலர் கைக்குப் போகும் காகிதம். அப்புறம், வாங்கிய விலைக்கான ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். வாரிசாகப் பெறும்போது வருமான வரி கிடையாது. விற்கும்போது லாபத்தில் 30 சதவீதம், கழிக்க முடிவது வாங்கிய விலை மட்டுமே.

நான் ஷமிரைத் தேர்ந்தெடுத்தேன், பாஸ்பிரேஸ் இல்லாமல். பங்குகள் எங்கே, எந்தப் பெட்டி வாங்குவது, எந்தெந்த நாணயம், 'உதவுகிறேன்' என்று போனில் வருபவரிடம் ஒரு சொல்லும் சொல்லாதே என்று இரண்டு பக்கக் கடிதமும் எழுதியாகிவிட்டது. வருகிற ஞாயிறு மறுசோதனை. கடிதம் மகள் கையில் இருக்கும். நான் ஏற்காட்டில் மச்சான் வீட்டில், போனை அணைத்துவிட்டு.